யாராவது கேட்டா என்ன சொல்றது?

பெரம்பலூரில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிட்டதற்குக் காரணம் பாசம் இல்லை. பாசமெல்லாம் பிறகு வந்தது. அது பேச்சுவார்த்தை நடத்தி முடிவான முறை. பெட்டியும் படுக்கையுமாக மாடிப் போர்ஷனுக்கு வந்து இறங்கிய அன்று, "ஆன்ட்டி, மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் சுவிட்சைக் காட்டவில்லை.

"ஆன்ட்டின்னா என்ன முறை? அப்பாவோட அக்காளும் ஆன்ட்டி, அடுத்த வூட்டுக்காரியும் ஆன்ட்டி. யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"வாடகைக்கு இருக்கற பொண்ணுன்னு சொல்லுங்களேன்."

"வயசுப் பொண்ணு தனியா வந்து தங்கியிருக்கு, வாடகைக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கு? உங்கம்மாவுக்கு என்ன வயசு?"

சொன்னேன். என் அம்மா தன்னைவிடச் சின்னவள் என்று உறுதியானதும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. நான் உனக்குப் பெரியம்மா. உங்கம்மா எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி." தென்காசிப் பக்கத்தில் இருந்த என் அம்மாவுக்கு இப்படி ஓர் அக்கா கிடைத்த செய்தியை அன்றைக்கே போனில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மோட்டார் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியவந்தது.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பெரியம்மாவின் வாழ்க்கைப் பிரச்சினை. காரணம் சொல்ல முடியாத எதையும் அவர் செய்ய மாட்டார், வீட்டில் மற்றவர்களைச் செய்யவும் விட மாட்டார். சும்மா என்ற சொல் அந்த வீட்டில் ஏறக்குறைய கெட்ட வார்த்தை.

பெரியப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். நான் குடிவருவதற்கு முந்தைய வருடம் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். ஒரு நாள் காலையில் மீசையை ஒழுங்கு பண்ணும்போது கத்தரி ஒரு பக்கம் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்யப் போய் மறுபக்கம் ஏறிவிட்டது. கடைசியில் மீசையே இல்லை. பெரியம்மா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மழிச்ச மூஞ்சியோட தெருவுல எறங்கினா எழவு யார் வூட்டுலன்னு கேப்பாங்க. கை தவறிப் போச்சுன்னு சொல்றதா?"

பிறகு துண்டால் அவர் முகத்தை மூடி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவரைச் சமயபுரத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டார். மொட்டை என்றால் நேர்த்திக்கடன், அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் சந்தனம் பூசிய தலையோடு தெருவில் நுழைந்ததும் முதல் வீட்டிலேயே, "என்ன வேண்டுதல்?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்கு அவர் தயாராக இல்லை. "பொண்ணுக்கு நல்ல எடமா அமையணும்னுதான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். மறுவாரமே ஜாதகங்கள் வர ஆரம்பித்தன. அப்படித்தான் அவர்களுடைய ஒரே மகளுக்கு ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு உள்ள வீட்டில் கல்யாணம் ஆனது. "எல்லாம் அந்த மீசை பண்ணுன வேலை" என்பார் பெரியப்பா, மறுபடி வளர்ந்த மீசையைத் தடவிக்கொண்டு.

இந்த வீட்டுக்குத்தான் நான் சுண்டெலியின் சிறுகுடலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து சேர்ந்தேன்.

பக்கத்துக் கல்லூரியில் எங்களுக்கு ஓர் எலிக்கூடம் இருந்தது. கொழுப்பு மிகுந்த தீனி சிறுகுடலை என்ன செய்கிறது, உடற்பயிற்சி அதை எவ்வளவு தூரம் சரிசெய்கிறது என்பது என் தலைப்பு. பெரியம்மாவுக்கு இது பெரிய அடியாக இருந்தது. எலியின் குடலைப் படிக்கிறாள் என்று தெருவில் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தார். பிறகு நான் குடல் டாக்டருக்குப் படிக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் கல்லூரியிலிருந்து வரும் நேரத்துக்கு யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். எனக்கு எலிகளை மட்டும்தான் தெரியும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "அது அடக்கமா பேசுது. நீங்க சொல்லுங்க, எங்க வலிக்குது?" என்று பெரியம்மாவே விசாரணையைத் தொடங்குவார்.

அவர் சமையலையும் சொல்ல வேண்டும். கடலை எண்ணெய் மேலே ஒரு விரல் மிதக்காத குழம்பை அவர் குழம்பு என்று ஒப்புக்கொண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு, அதில் அரைத்துவிட்ட முந்திரி, பக்கத்தில் நெய்யில் புரட்டிய கறி. வேலை நாட்களில் கருணை காட்டுவார், வெறும் எண்ணெய்க் கத்திரிக்காயோடு நிறுத்திக்கொள்வார். "கொஞ்சம் எண்ணெயைக் குறைச்சா என்ன பெரியம்மா?" என்று கேட்டால், "குறைச்சேன்னு வெச்சுக்க, திடீர்னு யாராவது சாப்பிட வந்துட்டா? ஏன் வறண்டு கெடக்குன்னு கேட்டா?" என்பார். அப்படித் திடீரென்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த விருந்தாளிக்காக எண்ணெய் தினமும் மிதந்தது. நான் மோர்ச் சோற்றோடு ஒதுங்கிக்கொள்வேன், அது முழுவதும் பெரியம்மா, பெரியப்பா வயிற்றுக்குள்தான் போனது.

சாயங்காலம் நான் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எலிங்க சாப்பிட்டுச்சா?" என்பதுதான். எனக்கு அப்புறம்தான் காப்பி. ஒருநாள் விளக்கமாகவே சொன்னேன். சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி உடம்புக்குள் அனுப்புவது சிறுகுடல். கொழுப்பு வந்துகொண்டே இருந்தால் அது போதும் என்று கதவைச் சாத்தாது. அதற்குப் பழகிக்கொண்டு முன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக உறிஞ்ச ஆரம்பிக்கும். நாளாக ஆக அதன் உள்சுவர் தளரும், உள்ளே போகக்கூடாததும் போகும்.

பெரியம்மா உருகிவிட்டார். "அதுவும் பாவம் என்ன பண்ணும்? வந்தவங்களை வாசல்ல நிக்கவெச்சு இல்லைன்னா சொல்லும்? என்னை மாதிரிதான் அதுவும்."

எலிகளை நான்கு பிரிவாக வைத்திருப்பதைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் இன்னும் கூடியது. சாதாத் தீனி தின்று சும்மா இருப்பவை, சாதாத் தீனி தின்று சக்கரத்தில் ஓடுபவை, கொழுப்புத் தீனி தின்று சும்மா இருப்பவை, கொழுப்புத் தீனி தின்று ஓடுபவை. இது வேலையற்ற வேலை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"மோர் சோத்தைத் தின்னுட்டு நாளெல்லாம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு கெடக்கற நீ மொதக் கூண்டு. கூழைக் குடிச்சுட்டு ஊரெல்லாம் கூடை சுமக்கற கீரைக்காரம்மா ரெண்டாவது. உங்க பெரியப்பா நல்லாத் தின்னுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கறாரு, அவரு நாலு."

"மூணாவது?"

"நான்தான். யாராவது ஒருத்தர் இருக்கணும்ல? இல்லைன்னா கணக்கு எப்படி வரும்?"

அன்றிலிருந்து அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் அது தூக்கம் இல்லை, விஞ்ஞானத்துக்குச் செய்யும் தொண்டு. பெரியப்பாதான் அந்த ஏற்பாட்டில் கொஞ்சம் திருட்டு எலி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பார், அங்கே இரண்டு வடை தின்பார், ஷேர் ஆட்டோவில் திரும்புவார்.

ஒரே ஒரு நாள்தான் எலிகளைப் பற்றிய பேச்சு சரியாக முடியவில்லை. குடல் எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார். நான் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த எலிங்க எங்கேன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"யாரும் கேக்க மாட்டாங்க பெரியம்மா."

"ஒருத்தருமே கேக்க மாட்டாங்களா?" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் அடுப்படியில் இருந்த எலிப்பொறியைக் காணோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் காரணம் சொல்லாமல் செய்து நான் பார்த்த முதல் காரியம் அது.

மூன்றாவது கூண்டு தன் வேலையைக் காட்ட அதிக நாளாகவில்லை. சாப்பிட்டு எழுந்தால் பெரியம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. பிறகு வலி வந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வற்புறுத்தி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, குடலும் ஒழுங்காக இல்லை என்றார் டாக்டர். "எண்ணெயைக் குறைங்க, தினமும் நடங்க. ரெண்டும் செஞ்சா சரியாகும். செய்யலைன்னா நீங்க படுத்துக்குவீங்க, உங்களை ஒருத்தர் பார்க்கணும்" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

சாதாரண நேரமாக இருந்தால் பெரியம்மா இதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் அழைத்துவர வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதை மகள் வாய்தவறி மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஜெயங்கொண்டத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"நீங்க ஒடம்பைப் பார்த்துக்கங்க சம்பந்தி. முடியாதவங்க எதுக்குச் சிரமப்படணும்? பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கலாம். எனக்கு ஒரு சிரமமும் இல்லை."

பெரியம்மா போனை வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "பெத்த பொண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்க்க முடியலையான்னு கேப்பாங்களே. நான் என்ன சொல்றது? குழம்பு தின்னே படுத்துட்டேன்னு சொல்றதா?" கேட்பவர்களுக்காக மட்டும் அவர் அழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், பேரப்பிள்ளையை முதலில் தன் கையில் வாங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் ஊரின் வாயில் போட்டுச் சொன்னார்.

"நடங்க பெரியம்மா. நாளைக்கே ஆரம்பிங்க."

"எங்க?"

"எங்கேயும் இல்லை. நடந்துட்டு வரணும், அவ்வளவுதான்."

"எங்கேயும் போகாம எப்படிடி நடக்கறது? வாசல்ல கால் வெச்சா எங்க போறீங்கன்னு நாலு பேர் கேப்பாங்களே!"

இது வீண் பயமும் இல்லை. எங்கள் தெருவில் அது வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஆணும் பெண்ணும் ஷூ மாட்டிக்கொண்டு நடப்பதைச் சொன்னேன். "அவங்க ஆபீசருங்க. அவங்களை யார் கேக்கறது?" என்றார். சரி, மொட்டைமாடியிலாவது சுற்றி வாருங்கள் என்றேன். "ஒரே எடத்துல சுத்திச் சுத்தி நடந்தா புருஷனோட சண்டைன்னு நெனப்பாங்க." அதற்கும் வழியில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், பெரியம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கையில் எவர்சில்வர் தூக்குவாளியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் தூக்குவாளி இருந்தால் எங்கோ காரியமாகப் போகிறார் என்று அர்த்தம். நல்ல யோசனை என்று கைதட்டினேன். ஆனால் சொல்லும் காரணத்துக்குக் கையில் அத்தாட்சியும் இல்லாமல் பெரியம்மா தெருவில் இறங்க மாட்டார் என்பதை மறந்துவிட்டேன். காலி வாளியோடு போய், "என்ன கொண்டுபோறீங்க?" என்று யாராவது கேட்டால்? ஆகவே அதில் குழம்பு இருந்தது. தெருக்கோடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு அடுத்த நாள் அடுத்த தெரு. அதற்கடுத்து வாய்க்கால் தாண்டி. நடப்பதற்காகக் குழம்பு வைத்தார். தூரம் கூடக் கூட வகைகளும் கூடின. டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெருக்கள் வரைக்கும் எண்ணெய் மிதந்தது. ஊரையே மூன்றாவது கூண்டில் அடைத்துவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஆனால் அந்தக் கவலையில் நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை அங்கே யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். குழம்பு வாங்கியவர்கள் மறுநாள் வாளியைக் கழுவி, அதில் வீட்டில் இருப்பதைப் போட்டு, நடந்துவந்து கொடுத்தார்கள். கொல்லையில் இருப்பது முருங்கைதானே, அதனால் முருங்கைக்கீரைப் பொரியல் வந்தது. கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் வந்தன. சுண்டல், நீர்மோர், அவித்த சோளக்கதிர், கொள்ளு ரசம் எல்லாம் வந்தன. தெருக்கோடி வீட்டம்மா மட்டும் எப்போதும் பாகற்காய்தான் போட்டனுப்பினார். ஏதாவது பழைய கோபமோ என்னவோ.

வந்ததைப் பெரியம்மா சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். "எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்றது?" பாகற்காயைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகத் தின்றார். அவர் வைத்த எண்ணெய்க் குழம்பு வெளியே போனது, மற்றவர்களின் கீரையும் கூழும் உள்ளே வந்தன. ஒரு வாளி போதாமல் மேலும் இரண்டு வாங்கினார். காலையில் கொடுக்க ஒரு நடை, சாயங்காலம் பாத்திரம் வரவில்லையே என்று விசாரிக்க ஒரு நடை. விசாரிக்கப் போவதும் காரியம்தானே! வாளியைத் திருப்பித் தருவதற்காக மற்றவர்களும் நடந்தார்கள். வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த கூட்டம் குறைந்ததை நானே தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஒரு நாள் அவர் மாடிக்கு ஏறிவந்து மூச்சுவாங்காமல் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது.

"பெரியம்மா, நீங்க கூண்டு மாறிட்டீங்க. மூணுல இருந்து ரெண்டுக்கு."

அவர் பதறினார். "அய்யய்யோ! எலி கூண்டு மாறலாமா? உன் கணக்கு கெட்டுடாது?"

"கெட்டுடும்."

கொஞ்சம் யோசித்தார். "கெட்டா கெடட்டும் போ. நீ வேற எலி பார்த்துக்க."

மறுபடி பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் இறங்கியிருந்தது. "நல்லா இருக்கே! அப்படி என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். பெரியம்மா யோசித்து உண்மையைச் சொன்னார். "ரெண்டு தூக்குவாளி வாங்கினேன்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளில் இருப்பது சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டுமே. போனில் சொன்னால் அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒரு பை முந்திரிப் பருப்போடு வந்திருந்தார். நோயாளி கட்டிலில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார் என்பது அவர் நேராகப் படுக்கையறையை எட்டிப் பார்த்ததிலேயே தெரிந்தது. கட்டில் காலி. பெரியப்பா வடைக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"எங்க சம்பந்தி?"

"இங்கதான் போயிருக்காங்க. உக்காருங்க, வந்துடுவாங்க."

"நடமாட முடியாதவங்க எங்க போயிருப்பாங்க? வா, பார்ப்போம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மருமகளை அனுப்பாமல் இருப்பதற்கு ஒரு காரணம் அவருக்குத் தேவைப்பட்டது. தெருவில் எங்காவது பெரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது போதும்.

தெருக்கோடி வீட்டில், "இப்பதான் அடுத்த தெருப்பக்கம் போனாங்க" என்றார்கள். அடுத்த தெருவில், "வாய்க்கால் பக்கம்" என்றார்கள். வாய்க்கால் பக்கத்தில், "இப்பதான் பிள்ளையார் கோயில் வழியா திரும்பினாங்க, பார்க்கலையா?" என்றார்கள். சம்பந்தியம்மா கனத்த உடம்பு. பட்டுப்புடவை வேறு. முந்திரி வீட்டுச் சாப்பாடு ஒவ்வொரு அடியிலும் அவரைப் பின்னால் இழுத்தது. வியர்வை குங்குமத்தைக் கரைத்து மூக்குக்குக் கொண்டுவந்திருந்தது. கடைசியில் வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி, என்னால ஒரு அடி வெக்க முடியாது" என்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். கையை வீசி, நேரே பார்த்து, வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். நான் அவர் கைகளைத்தான் பார்த்தேன். மூன்று வாளிகளும் மூன்று வீடுகளில் இருந்தன. அவர் கையில் ஒன்றும் இல்லை. வாளிக்குத்தான் போனார் என்றால் வாளி எங்கே? கோயிலுக்குப் போனார் என்றால் நெற்றியில் விபூதி இல்லை, கையில் பூ இல்லை. பாதி வழியில்தான் எங்களைக் கண்டார். நின்றுவிட்டார்.

சம்பந்தியம்மா கேட்டேவிட்டார். "எங்க சம்பந்தி போயிட்டு வரீங்க?"

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர் மொட்டை போட வைத்தார், முறை வைத்தார், வாளி வாங்கினார். கேட்கக் கூடாத ஆள் கேட்டுவிட்டார். பெரியம்மா தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஏதாவது சொல்லுங்கள் பெரியம்மா, ஒரே ஒரு பொய், ஒன்றும் ஆகாது என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"சும்மாதான் சம்பந்தி. நடந்துட்டு வரேன்."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். வானம் இடியவில்லை. வாய்க்காலில் ஒரு கொக்கு மட்டும் எழுந்து பறந்தது. தைரியம் வந்து தொடர்ந்தார். "நடந்தா கொடலுக்கு நல்லதாம். எங்க பொண்ணு சொல்லுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"இதான். என் தங்கச்சி மக. குடலுக்குத்தான் படிக்குது."

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு மூச்சே வாங்காமல் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க அவருக்குப் பெரியம்மாவின் கைதான் வேண்டியிருந்தது. பெரியம்மா ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினார். அந்த இழுப்பில் வழக்கு முடிந்துவிட்டது.

"இந்த நடை நடக்கறவங்களுக்கா ஒடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க?" என்றார் சம்பந்தியம்மா. "வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எனக்கும் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்குது. அது எதனால?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டார். வீடு வந்து சேரும் வரைக்கும் இரண்டு பேரும் குடலைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

பேத்தி பெரம்பலூரில்தான் பிறந்தாள். முதலில் வாங்கிய கை பெரியம்மாவுடையது. குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறீர்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

என் ஆராய்ச்சி முடிந்து, கோயம்புத்தூரில் வேலை கிடைத்து நான் காலிசெய்த அன்று பெரியம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினார். மூடியையும் மீறி எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. மூன்றாவது கூண்டுச் சமையல், எனக்காக ஒரு நாளைக்கு.

"பஸ்ல கொட்டிடும் பெரியம்மா. அதோட பாத்திரத்தைத் திருப்பித் தர நான் எப்ப வருவேனோ."

"அதுக்குத்தானே குடுக்கறேன்" என்றார். "சும்மா வர்றதுக்கு உனக்குக் கூச்சமா இருக்கும். வேலை, லீவு இல்லைன்னு நாளைத் தள்ளிடுவே. யாராவது எங்க போறேன்னு கேட்டா, பெரியம்மா வூட்டுப் பாத்திரத்தைக் குடுக்கப் போறேன்னு சொல்லிக்க."

அதன் பிறகு நான் பல தடவை பெரம்பலூருக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் வாளியைக் கழுவித் துடைத்து, வெறுமனே தரக் கூடாது என்று அதில் ஏதாவது போட்டுத்தான் கொண்டுபோவேன். அவர் அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பார். நான் திரும்பி பஸ் ஏறும்போது அது மறுபடி நிறைந்து என் கைக்கே வந்துவிடும். இன்னும் நான் அதைத் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை.